நீலப் பெட்டியின் விலை

குளிர்காலம் முழுக்க அட்பாஷி மலையூர்ப் பள்ளிக்கூடத்தின் கொதிகலன் அறையில் நிலக்கரி அள்ளிப் போடுவது கதிர்குலின் பிழைப்பு. மே மாதத்தில் அடுப்பை அணைத்துவிட்டால் அக்டோபர்வரை அவருக்கு வேலை பெயருக்குத்தான். அந்த ஓய்வில் வந்து ஒட்டிக்கொண்டதுதான் தேனீப் பழக்கம். தேன் விற்றுப் பணம் பார்க்கும் எண்ணமெல்லாம் அவருக்கு இருந்ததில்லை. கரி தின்ற நுரையீரலோடு ஆறு மாதம் கழித்தவருக்கு, காலையில் பெட்டிகளுக்கு நடுவே முக்காலி போட்டு உட்கார்ந்து தேநீர் குடிப்பதே போதுமானதாக இருந்தது.

அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்தது. ஆட்டுத் தீவனத்துக்கு விதைத்திருந்த பயிர் இரண்டு முறை பூத்து, பள்ளத்தாக்கு முழுக்க இளஞ்சிவப்பாகக் கிடந்தது. தேனீக்கள் அளவுக்கு மீறிப் பெருகிப் பிரிந்து, பாப்ளர் மரக்கிளைகளில் கொத்துக் கொத்தாய்த் தொங்கின. தொங்கியதை அப்படியே விட அவருக்கு மனம் வரவில்லை. ஒவ்வொன்றையும் பிடித்துப் புதுப் பெட்டியில் போட்டார். ஆகஸ்டில் எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு பெட்டிகள். குளிர்காலத்தில் அவற்றை இறக்கி வைக்கும் நிலவறையிலோ, உருளைக்கிழங்கு போக, எட்டுக்குத்தான் இடம்.

தேனீப் பெட்டியின் விலையில் அடங்கியிருப்பது தேனீ மட்டுமல்ல, குளிர்காலமும்தான். பனியைத் தாண்டி உயிரோடு வந்த பெட்டிக்கு ஏப்ரலில் ஒரு விலை. அதே பெட்டியை ஆகஸ்டில் விற்றால் பாதிதான் கிடைக்கும். ஆறு மாதப் பனியை, வாங்குகிறவன் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறான் என்பதற்கான தள்ளுபடி அது. பணம் இருப்பவன் ஏப்ரலில் வாங்குவான். இல்லாதவன் ஆகஸ்டில் வாங்கி, பனியோடு சூதாடுவான்.

கதிர்குலின் அண்ணன் எசென்கான் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஆட்டுத் தரகர். வேலியில் சாய்ந்துகொண்டு அவர் சிரித்தார்.

"ஏண்டா, மொய்க்கிறதையெல்லாம் பிடிச்சுப் பிடிச்சுப் போட்டியே, இப்ப எங்க வைக்கப் போற? உன் பொண்டாட்டி படுக்கையிலயா?"

"அவளே என்னைப் படுக்கையில விட மாட்டேங்கிறா. நாலு பெட்டிய வித்துரலாம்னு இருக்கேண்ணே."

"யாருக்கு?"

"புருல்ச்சா கேட்டுச்சு."

எசென்கானின் சிரிப்பு நின்றது. புருல்ச்சா மேல்பள்ளத்தாக்கில் இருந்த, கதிர்குலின் பழைய நண்பர் ஒருவரின் மகள். நான்கு வருஷத்துக்கு முன்னால், நரின் நகரில் தையல் படித்துக்கொண்டிருந்தவளை, பட்டப்பகலில் பேருந்து நிறுத்தத்திலிருந்து மூன்று பேர் காரில் அள்ளிப்போட்டுக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒருவன் கணவனானான். தலையில் வெள்ளைத் துணியைப் போட்டுவிட்டால் அது கல்யாணம். அதை எடுத்தெறிந்துவிட்டு வந்தால் பெண்ணுக்கு அவமானம். திருடியவனுக்கு அவமானமே இல்லாத இந்தக் கணக்கை யார் போட்டுக் கொடுத்தார்கள் என்று அந்தப் பள்ளத்தாக்கில் ஒருவரும் கேட்டதில்லை. அடிபட்டு இடது காது செவிடாகி அவள் அந்த வசந்தத்தில் திரும்பி வந்திருந்தாள். புகுந்த வீட்டார் ஆள் அனுப்பினார்கள்: பெண்ணுக்காகக் கொடுத்த ஆடுகளைத் திருப்பிக் கொடு, இல்லாவிட்டால் பெண்ணைத் திருப்பிக் கொடு. அவள் அப்பா அந்த ஆடுகளை எப்போதோ விற்றுத் தின்றிருந்தார். அடுத்த வசந்தம்வரை தவணை கேட்டிருந்தார்.

"அந்தப் பொண்ணுக்கா?" என்றார் எசென்கான். "வீடு தங்காதவளுக்கு விக்கிறதுக்குப் பதிலா வெளியூர்க்காரனுக்குக் குடுத்திரு."

"அது காசு குடுத்து வாங்குதுண்ணே. தானமா கேக்கல."

புருல்ச்சா ஆகஸ்டின் கடைசி வாரத்தில் வந்தாள். தேநீர் குடித்தாள், கதிர்குலின் மனைவி சைரகான் சுட்டு வைத்திருந்த எண்ணெய் ரொட்டியைத் தொடவில்லை. காதில் தோடு இல்லை. அம்மா சாகும்போது போட்டுவிட்டுப் போன தங்கத் தோட்டை விற்றுவிட்டு நேராக வந்திருந்தாள்.

"சித்தப்பா, நாலு பெட்டிக்கும் சேத்து எவ்வளவு? எனக்குன்னு கொறைக்க வேணாம். சரியான வெலைய சொல்லுங்க."

கதிர்குல் விலையைச் சொன்னார். அவள் கைப்பணத்தை விரல்களால் தடவிப் பார்த்தாள். மூன்று பெட்டிக்குத்தான் காணும்.

"அப்ப மூணு குடுங்க."

"நாலையும் எடுத்துக்கம்மா. இருக்கறதக் குடு."

"கடனா?"

"கடன் இல்ல. வெல கொறஞ்சிருச்சு."

அவள் முதல் முறையாகச் சிரித்தாள். "சந்தையில எசென்கான் பெரியப்பா கேட்டா மயக்கம் போட்டு விழுந்துருவாரு."

அப்பாவோடு பேசி முடித்ததை அவளே சொன்னாள். நான்கு பெட்டியும் பிழைத்து வந்தால், ஏப்ரலில் இரண்டை அந்த இரட்டிப்பு விலைக்கு விற்று ஆட்டுக்கணக்கைத் தீர்ப்பாள். மற்ற இரண்டும் அவளுக்கு. செத்துப்போனால் கணவன் வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும். "அப்பா அந்த வார்த்தைய எங்கிட்ட வாங்கிட்டாரு. எனக்கு வேற வழி தெரியல சித்தப்பா. இந்தத் தேனீ என்னைக் காப்பாத்துதோ இல்லையோ, நான் இதைக் காப்பாத்திருவேன்."

அவள் போன பிறகு சைரகான் பாத்திரத்தைக் கழுவாமல் நின்றாள். அன்பானவள்தான். புருல்ச்சா வந்தபோது தன் கம்பளிச் சால்வையை எடுத்துக் கொடுத்தவளும் அவளே.

"தலைக்கயிறு?" என்றாள்.

"எதுக்குத் தலைக்கயிறு?"

"குதிரைய வித்தா தலைக்கயித்தக் கழட்டி வச்சுக்கிறோம். மாட்ட வித்தா வச்சுக்கிறோம். கயித்தோட குடுத்தா வீட்டு பரக்கத்தும் செழிப்பும் கூடவே போயிரும். தேனீக்கு என்னத்த வச்சுக்கப் போறீங்க?"

"தேனீக்கு ஏதுடி கயிறு? ராணியோட கழுத்துல கட்டியா வச்சிருக்கேன்?"

"கேலி பண்ணாதீங்க. நம்ம பையன் எர்மெக் மாஸ்கோவுல ராத்திரி பகலா கார் ஓட்டுறான். போன வருஷம் அந்தச் செவலைக் குதிரைய கயித்தோட குடுத்தீங்க. அடுத்த மாசமே அவன் வண்டிய லாரிக்காரன் இடிச்சான். ஞாபகம் இருக்கா?"

லாரிக்காரன் குடித்திருந்தான். அது கதிர்குலுக்குத் தெரியும். குதிரைக்கும் லாரிக்கும் மாஸ்கோவுக்கும் நடுவே எந்தக் கயிறும் ஓடவில்லை என்பதும் தெரியும். ஆனால் மகன் மருத்துவமனையில் கிடந்த அந்த ஒன்பது நாட்களில் சைரகான் சாப்பிடாமல் கிடந்ததும் அவருக்குத் தெரியும்.

எசென்கானும் சேர்ந்துகொண்டார். "வெலையையும் விட்டுட்ட, பரக்கத்தையும் விட்டுரப் போறியா? பெட்டிக்கு ஒரு தேனடைச் சட்டத்த உருவி வச்சுக்க. நீ கொறச்ச காசுக்கு அது சரியாப் போச்சு. பாவமும் இல்ல, நட்டமும் இல்ல."

பரக்கத்தை யாரும் கண்டதில்லை. ஆனால் அது வெளியேறிவிடும் என்ற பயத்துக்கு எடை உண்டு. அந்த வீட்டில் அதன் எடை பெட்டிக்கு ஒரு சட்டம் தேன். பயப்படுகிறவன் தன் சோற்றிலிருந்து அந்த எடையைக் கழிப்பதில்லை, மறுத்துப் பேச முடியாதவர்களின் சோற்றிலிருந்துதான் கழிப்பான். உலகத்தில் எல்லா நேர்த்திக்கடனும் இப்படித்தான் தீர்க்கப்படுகிறது.

லாரி வருவதற்கு முந்தைய மாலை கதிர்குல் நான்கு பெட்டிகளையும் திறந்தார். ஒவ்வொன்றிலும் ஓரத்திலிருந்து ஒரு சட்டத்தை உருவினார். மேலிருந்து கீழ்வரை மெழுகு மூடிய வெள்ளைத் தேன், ஒரு கைக்குக் கனம். தேனீக்களை உதறிவிட்டு, அதே இடத்தில் காலி அடையைச் செருகினார். எடுத்த சட்டங்களைத் துணியில் சுற்றிக் கிடங்குச் சுவரில் மாட்டினார். அங்கே விற்றுப்போன குதிரைகள், மாடுகளின் தலைக்கயிறுகள் ஆணி ஆணியாகத் தொங்கிக்கொண்டிருந்தன. 'ஒரு சட்டம்தானே. காசைக் குறைத்திருக்கிறேனே' என்று சொல்லிக்கொண்டார்.

மறுநாள் பெட்டிகளை ஏற்றுவதற்கு முன் புருல்ச்சா ஒவ்வொன்றையும் திறந்து பார்க்கக் கேட்டாள். சட்டங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள்.

"இது ஏன் லேசா இருக்கு, சித்தப்பா? எல்லாப் பெட்டியிலயும் ஒண்ணு காலியா இருக்கு."

எசென்கான் வேலியோரம் நின்று காது குடைந்துகொண்டிருந்தார். சைரகான் வாசலில் நின்றாள்.

"குளிருக்கு அதுங்க ஒண்ணா ஒட்டிக்கிட்டு உக்காரும்" என்றார் கதிர்குல். "கொஞ்சம் எடம் வேணும்மா."

அவள் தலையாட்டினாள். செவிடான காதைத் திருப்பாமல், நல்ல காதை அவர் பக்கம் திருப்பி, பாடம் கேட்பதுபோலக் கேட்டாள். "எடம் வேணும்" என்று தனக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

செப்டம்பரில் பெட்டிகளுக்கு நீல வண்ணம் பூசி, படத்தை அலைபேசியில் அனுப்பினாள். அவளிடம் நிலவறை இல்லை. அப்பாவின் பழைய ஆட்டுப்பட்டியில், கம்பளி விரிப்புகளைச் சுற்றி வைத்திருந்தாள். வெளியே வைக்கும் பெட்டி அதிகம் தின்னும். கதிர்குல் படத்தைப் பார்த்தார். அதைச் சொல்லவில்லை. சொன்னால் அடுத்ததையும் சொல்ல வேண்டியிருக்கும்.

பிப்ரவரியில் அட்பாஷியில் எச்சில் துப்பினால் தரைக்கு வருவதற்குள் உறைகிற குளிர். கொதிகலன் அறையில் இருந்தபோது அலைபேசி அடித்தது.

"சித்தப்பா, சத்தம் வேற மாதிரி இருக்கு. இருங்க, பெட்டிகிட்ட வைக்கிறேன், கேளுங்க."

மற்ற மாதங்களில் பெட்டி கொதிக்கும் பானைபோல மெல்ல உறுமும். அவர் கேட்டது அந்தச் சத்தமல்ல. உலர்ந்த சருகை யாரோ காலால் ஒதுக்கும் சத்தம். தேனீ வளர்க்கிற எவனுக்கும் தெரியும், அது பசியின் சத்தம்.

"கேட்டுச்சா? சர்க்கரை ஏதும் வைக்கட்டுமா?"

'வை' என்ற ஒரே சொல் போதும். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால், ஏன் பசிக்கிறது என்ற கேள்வி நின்றுகொண்டிருந்தது.

"திறக்காதம்மா, குளிர் உள்ள போயிரும். நான் வரேன். வந்து பாக்கறேன்."

அன்று மாலையே கிடங்கிலிருந்து சட்டங்களை இறக்கினார். சைரகான் குறுக்கே நின்றாள்.

"தேனோட பரக்கத் வெளிய போகக்கூடாதுங்க. எர்மெக்குக்கு அடுத்த வாரம் லைசென்ஸ் புதுப்பிக்கணும், போலீசு இப்பவே புடிச்சிட்டிருக்காம்."

"அங்க அதுங்க சாகுதுடி."

"ஈதானே சாகுது."

அவர் அவளைத் தள்ளவில்லை, ஒதுக்கிவிட்டுப் போனார். குளிர்ந்த தேனைத் தேனீயால் தின்ன முடியாது என்பதால், சட்டங்களைக் கொதிகலன் சுவரோரம் சாய்த்து வைத்தார். ஆனால் உடனே கிளம்பவில்லை. அவர் போனால் அடுப்பு அணையும், அணைந்தால் பள்ளிக்கூடத்துக் குழாய்கள் உறைந்து வெடிக்கும். மாற்று ஆள் குடித்துவிட்டுக் கிடந்தான். இதெல்லாம் உண்மைதான். எசென்கானிடம் கேட்டால் ஒரு ராத்திரிக்கு அடுப்பைப் பார்த்துக்கொள்வார் என்பதும் உண்மை. எதற்கு என்று அண்ணன் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்து இரண்டு நாட்களைக் கரியோடு சேர்த்து அடுப்பில் போட்டார். மூன்றாம் நாள் பனிவாரி வண்டி மேல்பள்ளத்தாக்கு வரை வழி திறந்தபோது, சட்டங்களைக் கோட்டுக்குள் கட்டிக்கொண்டு அதில் ஏறினார்.

பட்டியில் சத்தமே இல்லை. புருல்ச்சா கம்பளியை விலக்கி முதல் பெட்டியைத் திறந்தாள். தேனீக்கள் அடையின் அறைகளுக்குள் தலையை நுழைத்தபடி, வால் மட்டும் வெளியே தெரிய, வரிசை வரிசையாகச் செத்திருந்தன. கடைசித் துளியை நக்க உள்ளே போனவை. இரண்டாம் பெட்டியும் அப்படியே. மூன்றாவதும். நான்காவதில் முஷ்டியளவு ஒரு கூட்டம், ஒன்றின் மேல் ஒன்று ஏறி, தொட்டால் காலை மட்டும் அசைத்தது. கதிர்குல் கோட்டுக்குள்ளிருந்து ஒரு சட்டத்தை எடுத்து, மெழுகு மூடியைக் கீறி அதை ஒட்டி வைத்தார். வாயைத் தாழ்த்தி மூச்சை ஊதினார். முதல் தேனீ நாக்கை நீட்டியது.

புருல்ச்சா அதைப் பார்க்கவில்லை. சட்டத்தின் மேல்கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதிர்குல் பெட்டியில் முதலில் வைக்கும் சட்டங்கள் எல்லாவற்றிலும் சிவப்புப் பென்சிலால் பெட்டிக்கு ஒரு குறி போட்டு வைப்பார். அவள் பெட்டிகளில், காலியாக இருந்த சட்டத்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அது இருந்தது. இப்போது அவர் கொண்டுவந்த சட்டத்திலும் அந்தப் பெட்டியின் குறியே இருந்தது.

"எடம் வேணும்னு சொன்னீங்களே, சித்தப்பா" என்றாள்.

அவ்வளவுதான். திட்டியிருந்தால் அவர் பிழைத்திருப்பார்.

அவள் அப்பா உள்ளே வந்தார். செத்த பெட்டிகளைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"நான் அப்பவே சொன்னேன். இவ கையில பரக்கத் இல்ல. வெளங்காது."

"அண்ணே, கையில ஒண்ணும் கொற இல்ல" என்றார் கதிர்குல். "இதுங்க தீனிய நான்தான் எடுத்தேன். பெட்டிக்கு ஒரு சட்டம். தலைக்கயிறுன்னு எடுத்து வச்சுக்கிட்டேன். பசியில செத்திருக்கு. உங்க பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. என் பெட்டி எட்டு இருக்கு, நாலு கொண்டாந்து தரேன். வார்த்தைய மாத்துங்க."

உண்மையைச் சொல்லிவிட்டால் உலகம் அதன் பக்கம் சாயும் என்று அவர் நம்பியிருந்தார்போல. புருல்ச்சாவின் அப்பா அவர் தோளைத் தட்டினார்.

"தலைக்கயித்த வச்சுக்காம எவன்யா விப்பான்? நீ செஞ்சது மொறை. உன் வீட்டு பரக்கத் உன் வீட்டுலயே இருக்கு, இவளுக்கு இல்ல, அவ்வளவுதான். ஒத்தச் சட்டத்துக்கா பெட்டி பெட்டியாச் சாகும்? போய்யா. உள்ள வா, கறி வேகுது."

"ஒத்தச் சட்டத்துக்குத்தாண்ணே செத்துச்சு. ஒரு மாசத் தீனி அது."

"நவ்ரூஸ் பண்டிகை கழிஞ்சு வரச் சொல்லிட்டேன் மாப்ள வீட்டுக்காரங்கள. பேச்சு முடிஞ்சுது."

புருல்ச்சா உயிரோடு இருந்த பெட்டியின் மூடியை மூடி, கம்பளியைச் சுற்றி, மூலைகளைச் செருகினாள். குழந்தையைப் போர்த்துவதுபோல என்று சொன்னால் அது அழகாக இருக்கும். அப்படியெல்லாம் இல்லை. வேலையை முடிக்கிறவளின் கைகள், அவ்வளவே.

ஏப்ரலில் கதிர்குல் தன் பெட்டிகளில் நல்லதாக நான்கை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். அவளைப் போன வாரமே அழைத்துக்கொண்டு போயிருந்தார்கள். அவள் அப்பா பெட்டிகளை இறக்க விடவில்லை. "இந்த நீலத்தையும் எடுத்துட்டுப் போயிரு. அது இங்க இருந்தா ஆட்டுக்கு ஆகாது" என்றார்.

அடுத்த ஆகஸ்டில் மறுபடி பெட்டிகள் மிஞ்சின. கதிர்குல் ஏப்ரலுக்குக் காத்திருக்கவில்லை, ஆகஸ்டு விலையே சொன்னார். வாங்க வந்தவர்களை முக்காலியில் உட்கார வைத்து, ஒவ்வொரு சட்டத்தையும் அவர்கள் கையிலேயே தூக்கிக் கொடுத்தார். "கனத்தப் பாருங்க. இது ஒரு மாசம். இது ஒரு மாசம்." ஒன்றையும் உருவவில்லை. கிடங்கிலிருந்த பழைய தலைக்கயிறுகளை எடுத்துவந்து, பெட்டிகள் சாயாமல் லாரியில் கட்டிக் கொடுத்தார். "கதிர்குலுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு, கயித்தோட விக்கிறான்" என்று எசென்கான் சந்தையில் சொல்லித் திரிந்தார்.

சைரகான் ஜன்னலோரம் நின்று, கயிறுகள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று இரவு சாப்பிடவில்லை. அலைபேசியை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அது அடித்ததும் எடுத்தாள். எர்மெக்தான். மாஸ்கோவில் ஓயாத மழை, வாடகை ஏற்றிவிட்டார்கள், சூடான ரொட்டி கிடைப்பதில்லை என்று குறைபட்டுக்கொண்டான். மறுவாரமும் அதையே சொன்னான். மாடு நன்றாகப் பால் கறந்தது. கூரை ஒழுகவில்லை. எதுவும் நடக்கவில்லை.

சைரகான் ஒரு நாள் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எதுவும் ஆகலைங்க" என்றாள், மன்னிப்புக் கேட்பதுபோல. போன வருஷமும் எதுவும் ஆகியிருக்காது. அந்த எதுவுமில்லாததற்கு விலையாகத்தான் ஒரு பெண்ணைக் கொடுத்திருந்தார்கள்.

செப்டம்பர் தொடக்கத்தில் நரினிலிருந்து ஒரு லாரி ஓட்டுநர் பெட்டி தேடி வந்தான். மிஞ்சியவை எல்லாம் விற்றுத் தீர்ந்திருந்தன. தோட்டத்தின் கோடியில், தனியாக, இரண்டு நீலப் பெட்டிகள் இருந்தன. பிழைத்த ஒன்று கோடையில் பிரிந்து இரண்டாகியிருந்தது. இரண்டாவதற்கு அதே நீலத்தைத் தேடி வாங்கிக் கதிர்குலே பூசியிருந்தார்.

"அது நல்ல கூட்டமா இருக்கே, தாத்தா. என்ன வெல?"

"அது விக்கிறதுக்கு இல்ல."

"வெல சொல்லுங்க, ஏப்ரல் வெலையே தரேன்."

"என்னால சொல்ல முடியாது தம்பி. அது என்னுது இல்ல. அதோட ஆளு வரணும்."

"எங்க இருக்காங்க? நான் போற வழின்னா கேட்டுப் பாக்கறேன்."

கதிர்குல் புருல்ச்சாவின் கணவன் வீட்டு ஊரின் பெயரைச் சொன்னார். ஓட்டுநருக்கு அந்த ஊர் தெரிந்திருந்தது. "அந்த வழியாத்தான் போறேன். என்ன சொல்லணும்?"

கதிர்குல் பெட்டிகளின் பக்கம் போய் ஒன்றின் பின்பக்கத்தைத் தூக்கிக் கனம் பார்த்தார். பிறகு மற்றொன்றை.

"ரெண்டு இருக்குன்னு சொல்லு" என்றார். "தீனி நெறைய இருக்குன்னு சொல்லு."